பார்டர் பக்கம் குடும்பத்தோடு சாப்பிடப் போகிறோம்: உறைப்பு தாங்காதவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

சாரல்காலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, பிழைப்பு ஓசூரில். வந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. ஜூலை மூன்றாம் வாரம் குற்றாலத்துக்கு வருகிறோம், மூன்று நாள். அம்மாவுக்கு 67 வயது, வயிற்றுப்புண் இருக்கிறது. மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஐந்து. மனைவி கிருஷ்ணகிரிப் பக்கம். நம் ஊர்ச் சாப்பாடு என்றால் ஆசை, ஆனால் நம் அளவுக்கு உறைப்பு பழக்கமில்லை.

போன வருஷம் வந்தபோது நெடுஞ்சாலையோரம் ஒரு கடையில் சாப்பிட்டோம். கடைப் பெயர் வேண்டாம். வாசலில் கார் நிறுத்த இடமில்லாத கூட்டம், அதை நம்பி உட்கார்ந்தோம். இலையில் வந்த கோழி செக்கச்செவேலென்று இருந்தது. முதல் வாயிலேயே மகள் அழுதுவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன், இன்னும் அழுதாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் பாதிப் பரோட்டாவைச் சால்னாவில் தொட்டுச் சாப்பிட்டாள். அன்று ராத்திரி முழுக்க நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இரண்டு நாள் மோர்சோறுதான். எனக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவியும் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு மறுநாள் வரை இருந்தது.

என் அப்பா சனிக்கிழமைகளில் அம்பாசமுத்திரத்திலிருந்து பரோட்டா பார்சல் வாங்கி வருவார். இலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, சால்னா தனியாக. அதுவும் உறைக்கத்தான் செய்யும். மூக்கில் தண்ணீர் வரும், உறிஞ்சிக்கொண்டே தின்போம். ஆனால் ஒரு நாளும் ராத்திரி எழுப்பியதில்லை.

மாறியது சாப்பாடா, நாங்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பார்டர் பக்கம், அதாவது கோழிக்கும் பரோட்டாவுக்கும் பேர்போன பிரானூர் பார்டருக்கு, போகலாமா என்றும் சொல்லுங்கள். அம்மாவுக்குப் போக ஆசை. கல்யாணம் ஆன புதுசில் அப்பாவோடு ஒரே ஒருமுறை அங்கே சாப்பிட்டிருக்கிறாள். அப்பா இப்போது இல்லை.


புளியரை எழுதியது:

தம்பி, தாராளமாகக் கூட்டி வாருங்கள். நான் புளியரையில் பிறந்து செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருஷா வருஷம் சீசனில் இதைக் கேட்டு வழி தவறி வருகிறவர்கள் உண்டு. பார்டர் என்றதும் கேரள எல்லை என்று நினைத்து எங்கள் ஊர் வரைக்கும் வந்து கடையைத் தேடுகிறார்கள். இப்போதைய எல்லை புளியரையைத் தாண்டி இருக்கிறது. பிரானூர் பார்டர் அப்படியில்லை, தென்காசியிலிருந்து வரும்போது செங்கோட்டைக்கு முன்னாலேயே வந்துவிடும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அதனால் அந்தக் காலத்து எல்லை ஊருக்குக் கிழக்கே பிரானூரில். எல்லை நகர்ந்து போனது, பெயர் அங்கேயே நின்றுவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் அங்கே கிடைக்கிற ருசிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பொரிப்பது மலைக்கு அந்தப் பக்கத்துப் பழக்கம். மிளகாய் வத்தலை ஊறவைத்து அரைப்பது நம் பக்கம். நல்லமிளகு, அதாவது கருமிளகு, மலையிலிருந்து இறங்கி வருவது. மூன்றும் கூடினதுதான் பார்டர் கோழி. ரஹ்மத் கடையை எல்லோருக்கும் தெரியும், அதைச் சுற்றியும் நிறையக் கடைகள் இருக்கின்றன. நாட்டுக்கோழியை எந்த விதமாகக் கேட்டாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் வத்தல் போட்டது வேண்டாம், நல்லமிளகு போட்டது வாங்குங்கள்.

நல்லமிளகும் உறைக்கும், ஆனால் அது வேறு மாதிரி உறைப்பு. வத்தல் உதட்டிலும் நாக்கு நுனியிலும் பிடித்துக்கொண்டு விடாது. நல்லமிளகு தொண்டையில் சூடாக இறங்கி, நாலு வாய் தயிர்ச்சோற்றில் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குக்கூடக் கோழிச்சாறு நல்லமிளகு தட்டிப்போட்டுத்தான் கொடுப்போம். அந்த நேரத்தில் வத்தல் கிட்டே வராது.

நேரம் முக்கியம். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். அருவியில் குளித்துவிட்டு எல்லோரும் பசியோடு வரும் நேரம் மதியம் ஒன்றிலிருந்து மூன்று. அப்போது சப்ளையருக்கு உங்கள் பேச்சைக் கேட்க நேரம் இருக்காது. கிழமை நாளில் பதினொன்றரைக்குப் போய் உட்காருங்கள்.


பரோட்டாக்கல் எழுதியது:

நான் பதினான்கு வருஷம் கல்லுக்கு முன்னால் நின்றவன். தென்காசியில் ஆறு வருஷம், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எட்டு வருஷம். தோள்பட்டை ஓய்ந்துபோய் இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சாரல்காலம் கேட்டதற்கு உள்ளே இருந்து பார்த்தவனாகப் பதில் சொல்கிறேன்.

நகக்கண்ணில் மறுநாள் வரை நின்ற சிவப்பு வத்தலின் சிவப்பு இல்லை, கலர் பொடி. வத்தல் நிறம் எண்ணெயோடு சேர்ந்து இருக்கும், சோப்புப் போட்டால் எண்ணெயோடு போய்விடும். கலர் பொடி போடுகிற கடையில் வேறு எதிலும் ஒழுங்கு இருக்காது என்பது என் அனுபவம்.

அப்பா வாங்கி வந்த சால்னா ஏன் வருத்தவில்லை? நான் வேலை பழகிய கடையில் சாயங்காலம் சால்னாவுக்கு மதியம் இரண்டு மணிக்கே வேலை ஆரம்பிக்கும். வத்தலை வெந்நீரில் ஊறப்போட்டு, கொத்தமல்லி, சோம்பு, கசகசா, தேங்காய் எல்லாம் தனித்தனியாக ஆட்டி எடுப்போம். வெங்காயம் வதங்குவதற்கே முக்கால் மணி நேரம். அரைத்த வத்தலை எண்ணெயில் போட்டால் முதலில் கமறும், இருமல் வரும். கமறல் நின்று, எண்ணெய் ஓரமாகப் பிரிந்து வரும் வரை கிண்டியே ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் தேங்காய் விழுதும் எலும்புச் சாறும். இரண்டு மணி நேரம் வேகிற சால்னாவில் வத்தல் கரைந்து மற்றதோடு சேர்ந்துவிடும். இப்போது ஆள் இல்லை, நேரம் இல்லை. பாக்கெட் பொடியைக் கடைசியில் தட்டி ஒரு கொதி விட்டு இறக்குகிறார்கள். பச்சைப் பொடி வயிற்றில் போய்த்தான் வேகிறது.

இனி, கடையில் உட்கார்ந்தால் நீங்கள் செய்யக்கூடியது. சால்னா இறக்கி வைத்து அரை மணி நேரத்தில் எண்ணெய் மேலே வந்துவிடும், விரல் கனத்துக்கு நிற்கும். சப்ளையர் வாளியில் கரண்டியை விடும்போது முதலில் வருவது அதுதான். பழகின ஆட்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள், ‘மேலாப்புல கோரி ஊத்துங்க’ என்று. உறைப்பு பெரும்பாலும் அந்த எண்ணெயில்தான். பிள்ளைகளுக்கு வாங்கும்போது ‘எண்ணெய ஒதுக்கிட்டு அடியில கோரி ஊத்துங்க’ என்று சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். நாங்களே எங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஊற்றுவோம்.


மருந்துச்சீட்டு எழுதியது:

பரோட்டாக்கல் அண்ணாச்சி கைப்பழக்கத்தில் சொன்னது அறிவியலாகவும் சரி. வத்தலில் உறைப்பைத் தருவது கேப்சைசின் என்கிற பொருள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் எண்ணெயில் ஏறி மேலே நிற்கிறது. அதனால்தான் மகளுக்குத் தண்ணீர் கொடுத்ததும் அழுகை கூடியது; தண்ணீர் அதைக் கழுவாது, வாய் முழுக்கப் பரப்பிவிடும். பாலோ தயிரோ கொடுத்திருந்தால், அதிலிருக்கும் கேசீன் என்கிற புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு போயிருக்கும்.

இன்னொன்று. நாக்கில் உறைப்பை உணர்கிற வாங்கியும் (ரிசெப்டர்) சூட்டை உணர்கிற வாங்கியும் ஒன்றேதான். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு போனாலே அந்த வாங்கி விழித்துக்கொள்ளும். ஆவி பறக்கிற சால்னாவில் சூடும் வத்தலும் சேர்ந்து ஒரே இடத்தைத் தாக்குகின்றன. ஐந்து நிமிஷம் ஆறவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அதே சால்னா உறைப்பு குறைவாகத் தெரியும்.

அம்மா விஷயம். வயிற்றுப்புண்ணுக்கு வத்தல் காரணம் இல்லை. பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி, இல்லையென்றால் மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் விழுங்குகிற வலி மாத்திரைகள். கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது. ஆனால் இருக்கிற புண்ணை உறைப்பு எரியவைக்கும், அது வேறு. நான் கேட்பது இது: அம்மா மூட்டு வலிக்கு ஏதாவது மாத்திரை கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார்களா? கிருமிப் பரிசோதனை எடுத்தாயிற்றா? இருபது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். சால்னாவைக் குறை சொல்லிக்கொண்டே வலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கிப்போகும் பெரியவர்களைத் தினமும் பார்க்கிறேன். பயணத்துக்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் பார்டர் கடைக்குப் போகவேண்டாம், காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும்.


கொக்கிரகுளம் எழுதியது:

இழையை முழுக்கப் படித்தேன். ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. உறைப்பைக் குறைக்க வழி சொல்லிக்கொண்டே போகிறீர்கள், உறைப்பு ஏதோ குற்றம் போல.

என் அப்பா லாரி லோடு ஏற்றுகிறவர். ராத்திரி பத்து மணிக்கு வேலை முடியும். அந்த நேரத்தில் ஒரு செட் பரோட்டாவுக்கு மூன்று தடவை சால்னா ஊற்றுகிற கடைதான் அவருக்குச் சாப்பாடு. கறி வாங்க முடிந்த நாள் குறைவு. கறி இல்லாத பரோட்டாவை வயிறு நிறையத் தின்னவைப்பது அந்த உறைப்புதான். ஐந்தாவது படிக்கும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, சால்னாவை அது முங்குகிற மாதிரி ஊற்றி, ஊறவிட்டு, பிசைந்து கொடுப்பார். கண்ணில் தண்ணீர் வரும். சிரித்துக்கொண்டே தலையில் தட்டுவார். எனக்கு அந்த உறைப்பு வேண்டும். அது இல்லாமல் வெளியூர்க்காரர்களுக்காக இனிப்பாக்கிக் கொடுக்கிற சால்னாவைத் தென்காசி ரோட்டில் இப்போதே இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன். அம்மாவுக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுங்கள், சால்னாவை மாற்றச் சொல்லாதீர்கள்.


பரோட்டாக்கல் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு ஊற்றியேதான் என் கை பழகியது. மழை நாளில் நனைந்து வந்து நிற்பார்கள், முதல் கரண்டி சூடாக அவர்களுக்குத்தான். நான் சொன்னது உறைப்பைக் குறைக்கச் சொல்லி இல்லை. வேகவைத்த உறைப்பு வேறு, தட்டிப்போட்ட பொடி வேறு. நீங்கள் ஐந்தாவதில் தின்றது வெந்த உறைப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் ராத்திரி தூங்கினீர்கள் இல்லையா? மேலே உள்ளதைக் கோரினால் உங்கள் அப்பாவுக்கு, அடியில் கோரினால் பிள்ளைக்கு. ஒரே சட்டியில் இரண்டு பேருக்கும் சாப்பாடு இருக்கிறது. நல்ல சால்னாவுக்கு அடையாளமே அதுதான் என்பேன். பச்சைப் பொடி போட்ட சால்னாவில் எங்கே கோரினாலும் ஒரே எரிச்சல்தான்.


கொக்கிரகுளம் எழுதியது:

தூங்கினேன் அண்ணாச்சி. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இனிப்புச் சால்னா விஷயத்தில் என் பேச்சு பேச்சுதான்.


அடுப்படி எழுதியது:

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். திருநெல்வேலிச் சாப்பாடு என்று எங்கே பேச்சு வந்தாலும் பரோட்டாவும் கோழியும் மட்டுமே வருகிறது, எனக்கு அதில் வருத்தம். சாரல்காலம், உங்கள் அம்மா கல்லிடைக்குறிச்சி என்றால் சொதி தெரியாமல் இருக்காது. வயிற்றுப்புண்காரர்களுக்கு அதைவிட இதமான ஒன்று நம் சமையலில் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காயை மூன்று முறை பால் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு வேகும். பாசிப்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்துச் சேர்த்து, இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவிடலாம். முதல் பாலை ஊற்றினால் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், விட்டால் திரிந்துவிடும். உறைப்புக்குப் பச்சைமிளகாயும் இஞ்சிச் சாறும்தான், வத்தல் கிடையாது. ஆறினபிறகு எலுமிச்சை. எங்களில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்கு இதுதான் சாப்பாடு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குச் சிப்ஸும். தேங்காய்ப்பால் மந்தம், அதற்குத்தான் இஞ்சி.

ஹோட்டல்களில் தினமும் கிடைக்காது. வீட்டுச் சமையல் மெஸ் நடத்துகிறவர்களிடம் முந்தின நாளே சொன்னால் செய்து தருவார்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கேட்டுப் பாருங்கள். கருப்பு உளுந்து தோலோடு போட்ட சோறு, பிள்ளைகளுக்கு இடுப்புக்குப் பலம் என்று எங்கள் ஆச்சி சொல்லும். துவையலில் மட்டும் கொஞ்சம் உறைப்பு இருக்கும், அதைத் தொடாமல் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுங்கள்.

பார்டருக்கும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று நாளில் ஒரு வேளை போதும்.


மேலப்பாளையம் எழுதியது:

அடுப்படி அக்கா சொன்னதோடு எங்கள் ஊர் நெய்ச்சோற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோற்றில் உறைப்பே இருக்காது. நெய், பட்டை, கிராம்பு வாசம் மட்டும். தாளிச்சா பருப்பும் எலும்பும் கத்தரிக்காயும் போட்டு மாங்காய்ப் புளிப்போடு இருக்கும். உறைப்பு வேண்டியவர்கள் கறியை எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் தாளிச்சாவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே சகனில் (பெரிய தட்டில்) எல்லோரும் சாப்பிடுகிற வீட்டுச் சாப்பாடு, அதனால் சின்னவர்கள் முதல் பெரியவர்கள் வரை எல்லோருக்கும் ஒத்துப்போகிற மாதிரிதான் அது இருக்கும்.

சங்கரன்கோவில் வழியாக வருகிறீர்கள் என்றால் மதியம் அங்கே பிரியாணி. சீரகச்சம்பா அரிசி, ஆட்டுக்கறி. சிவப்பாகவே இருக்காது.


சாரல்காலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருந்துச்சீட்டு அண்ணாச்சி, நீங்கள் கேட்டது என்னை உலுக்கிவிட்டது. அம்மாவிடம் கேட்டேன். முழங்கால் வலிக்குப் பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கி ஒரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை. மருத்துவரிடம் காட்டினோம். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு கொடுத்திருக்கிறார், கிருமிப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பயணம் போகலாம், அளவாகச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். போய்வந்து எழுதுகிறேன்.


சாரல்காலம் எழுதியது:

போய்வந்தாயிற்று. நேற்றுத்தான் ஓசூர் திரும்பினோம். விரிவாக எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

முதல் நாள் திங்கட்கிழமை. காலையில் பழைய குற்றாலத்தில் குளித்தோம். சாரல் நன்றாக இருந்தது, கூட்டம் குறைவு. அன்று மதியம் பசியில் பிள்ளைகள் அவசரப்பட்டதால் அருவிப் பக்கத்திலேயே ஒரு கடையில் உட்கார்ந்தோம். அடியில் கோரி ஊற்றுங்கள் என்றேன். ‘இருக்கிறதுதான் சார் இருக்கு’ என்று சொல்லிவிட்டுச் சப்ளையர் ஊற்றிவிட்டுப் போனார். விரலால் தொட்டுப் பார்த்தேன், பொடி நறநறவென்று நாக்கில் தட்டியது. பரோட்டாக்கல் அண்ணாச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு ஆம்லேட்டும் வெறும் பரோட்டாவும் போதும் என்று முடித்துக்கொண்டோம். அம்மா தோசை சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பார்டர். காலையில் இட்லி சாப்பிடவைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். பதினொன்று நாற்பதுக்கு உள்ளே போனோம். எங்களுக்கு முன்னால் மூன்று மேசைகள்தான் நிறைந்திருந்தன. கல்லில் நின்றவர் அப்போதுதான் முதல் ஈடு பரோட்டாவை எடுத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டினார். ஒரு தட்டுக்கு ஒரு தட்டு அடுக்குகள் விரிந்து உப்பி வந்தன. மகன் நாற்காலியில் ஏறி நின்று அதையே பார்த்தான். அந்தச் சத்தத்தை ஊருக்கு வந்த பிறகும் தலையணையைத் தட்டிச் செய்து காட்டுகிறான்.

சப்ளையர் ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் நீளமாக விளக்க ஆரம்பித்தேன்: அம்மாவுக்கு வயிற்றுப்புண், பிள்ளைகளுக்கு உறைப்பு ஆகாது, எண்ணெயை ஒதுக்கி, என்றெல்லாம். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். அம்மாவைப் பார்த்து, ‘ஆச்சிக்கு நான் பாத்துக்கிடுதேன், நீங்க உங்களுக்கு வேணுங்கதச் சொல்லுங்க’ என்றார்.

எனக்கும் மனைவிக்கும் நாட்டுக்கோழி வறுவல், ஒரு காடை. பிள்ளைகளுக்கு அடியில் கோரின சால்னா, ஆறவிட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர். மகள் முதலில் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். போன வருஷத்து பயம் முகத்தில் இருந்தது. அப்புறம் ஒரு துண்டு பரோட்டா. அப்புறம் நான் தயிரைத் தள்ளிவைத்ததைக்கூடக் கவனிக்கவில்லை, இரண்டரைப் பரோட்டா தின்றாள்.

அம்மாவுக்கு அவர் கொண்டு வந்தது நல்லமிளகுக் கோழி. எலும்பிலிருந்து கறியை எடுத்துச் சின்னச் சின்னதாகப் பிச்சுப்போட்டு, மேலே கறிவேப்பிலை. எண்ணெய் மினுமினுப்பு லேசாகத்தான் இருந்தது. பிளந்த மிளகு அங்கங்கே கறுப்பாகத் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் வாசம் மேசைக்கு வருமுன்னேயே வந்துவிட்டது. அம்மா உடனே சாப்பிடவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உறைக்கும் என்று பயப்படுகிறாளோ என்று நினைத்து, வேறு ஏதாவது சொல்லவா என்று கேட்டேன்.

‘அன்னைக்கு உங்கப்பாவும் இப்படித்தான் பிச்சு வச்சாவ. எனக்கு எலும்பு கடிக்க வெக்கமா இருந்துது’ என்றாள்.

நாங்கள் யாரும் கேட்டிராத கதை அது. அதற்கப்புறம் அவளே சொன்னாள். செங்கோட்டை வரைக்கும் ரயிலில் வந்தார்களாம், மழையாம், அங்கிருந்து பார்டருக்கு நடந்தார்களாம். அப்போது கடையில் பெஞ்சுதான், பெண்கள் உட்கார ஒரு தட்டி மறைப்பு. அப்பா தட்டிக்கு வெளியே உட்காராமல் அவளோடு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார் என்பதை இரண்டு தடவை சொன்னாள். பேசிக்கொண்டே அவ்வளவு கறியும் சாப்பிட்டுவிட்டாள். கடைசியில் அந்தச் சப்ளையர் கொஞ்சம் சோறும் மோரும் கொண்டு வந்து வைத்தார், நாங்கள் சொல்லாமலேயே. அன்று ராத்திரி நான் இரண்டு முறை எழுந்து பார்த்தேன். நன்றாகத் தூங்கினாள்.

திரும்பும்போது ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தான் வாங்கினோம். மனைவிதான் காடையை ஒரு கை பார்த்தாள், உதடெல்லாம் எரிந்தாலும் விடவில்லை. மங்குஸ்தானை உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். உறைப்புக்கு அதைப் போல ஒன்றும் இல்லை என்பது அவள் முடிவு.

புதன்கிழமை பாளையங்கோட்டை. அடுப்படி அக்கா சொன்னபடி ஒரு மெஸ்ஸில் முந்தின நாளே போன் செய்து சொதி சொல்லிவைத்தோம். ருசியாக இருந்தது, ஆனால் அம்மாவுக்கு அதில் குறை. எலுமிச்சை கூடுதல், முதல் பால் கொதித்துவிட்டது என்றாள். நான் நம்பவில்லை, ஓரத்தில் திரிதிரியாக இருந்ததைக் கரண்டியால் எடுத்துக் காட்டினாள். மேலப்பாளையத்துக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. அடுத்த முறை கட்டாயம்.


அடுப்படி எழுதியது:

அம்மா சொன்னதுதான் சரி. நிறையப் பேருக்குச் செய்யும்போது அடுப்பை அணைக்காமலேயே முதல் பாலை ஊற்றுவார்கள், அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும். ஓசூரில் அம்மாவையே செய்யச் சொல்லுங்கள், மருமகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய், ஒரு கை பாசிப்பருப்பு. பால் பிழியும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம்.


புளியரை எழுதியது:

தட்டி மறைப்பு இருந்ததை எங்கள் அம்மாவும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த சீசனுக்கு வரும்போது செங்கோட்டையில் நம் வீடு இருக்கிறது, அருவியில் நனைந்த துணியைக் காயப்போடவாவது வந்துவிட்டுப் போகவேண்டும்.


கொக்கிரகுளம் எழுதியது:

அப்பாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அடியில் கோரி ஊற்றச் சொன்னதைக் கேட்டு, ‘அது நம்ம கடையிலயும் கேட்டா ஊத்துவாவ, நீதான் சின்ன வயசுல கேக்க மாட்ட’ என்றார்.


பரோட்டாக்கல் எழுதியது:

சாரல்காலம், ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். பார்டரில் சாப்பிட்ட சால்னா எண்ணெய் என்ன நிறம்? கை கழுவினபிறகு நகக்கண் எப்படி இருந்தது?


சாரல்காலம் எழுதியது:

செங்கல்லைத் தேய்த்த மாதிரி நிறம் அண்ணாச்சி, கொஞ்சம் பழுப்பு. ஒரு முறை சோப்புப் போட்டேன், போய்விட்டது. வாசம் மட்டும் சாயங்காலம் வரை இருந்தது.


பரோட்டாக்கல் எழுதியது:

அது வத்தல் அரைத்த நிறம். சரியான கடையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.